பக்கக் கதவு ஓரத்துப் பெஞ்சு

தாம்பரத்தில் எங்கள் சபையின் ஆலயத்துக்குள் நாங்கள் உட்காரும் இடம் சில வருடங்களாக மாறவில்லை. இடது பக்கம், பக்கக் கதவை ஒட்டிய பெஞ்சு. அங்கே மின்விசிறிக் காற்று சரியாக வராது. முன்னால் ஒரு தூண் நின்று பீடத்தில் பாதியை மறைக்கும். பிரசங்கத்தின்போது போதகரின் ஒரு கை மட்டும் தூணுக்கு வெளியே வந்து வந்து போகும். என் கணவர் அதற்கு முன்பெல்லாம் நடு வரிசையில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி உட்காருகிறவர். அவரை இந்த மூலைக்குக் கொண்டுவந்தது எங்கள் மகனின் வயிறு. அந்தப் பக்கக் கதவைத் திறந்தால் ஒரு சிமெண்டு நடைபாதை, அதன் முடிவில் சபை மண்டபம், மண்டபத்துக்குப் பின்னால் கழிப்பறை. யார் காலையும் மிதிக்காமல், யாரும் திரும்பிப் பார்க்காமல் போய் வரக்கூடிய ஒரே பெஞ்சு அதுதான்.

போன மாதம் திருவிருந்து ஞாயிறன்று, அதே ஆலயத்தில், அந்தப் பெஞ்சை விட்டு எழுந்து போய் என் மகன் ஒரு காரியம் செய்தான். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நினைத்தால் இன்னும் உள்ளங்கை வியர்க்கிறது. கூடவே, தெருவில் போகிறவர்களை நிறுத்தி, "அது என் பையன்" என்று சொல்லவேண்டும் போலவும் இருக்கிறது.

முதலில் இருந்து சொன்னால்தான் புரியும்.

பிளஸ் டூ படிக்கும்போதுதான் அவனுக்கு இது ஆரம்பித்தது. காலையில் சாப்பிட்டு எழுந்ததும் அடிவயிற்றில் ஒரு பிசைவு. உடனே ஓடவேண்டும். போய் வந்தால் வலி குறையும். சீருடை போட்டு ஷூ மாட்டும்போது மறுபடியும் வரும். சில நாட்கள் இதற்கு நேர்மாறாக ஒன்றுமே போகாமல் வயிறு உப்பி, மத்தளம் போல ஆகிவிடும். பள்ளிக்கூடத்துக்குப் பயந்து நடிக்கிறானோ என்று என் கணவர் கொஞ்ச நாள் நினைத்தார். நான் அப்படி நினைக்கவில்லை. நான் அதைவிட மோசமானதையெல்லாம் நினைத்தேன்.

குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் இரத்தம், மலம், ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். கடைசியில் குழாய் விட்டும் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. என் அலுவலகம் அந்த மருத்துவமனைக்கு எதிர்ப்பக்கம், ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டினால் வந்துவிடும். அன்று அந்தச் சாலையை எப்படிக் கடந்தேன் என்று தெரியவில்லை. சந்தோஷப்படவேண்டிய செய்திதான். ஆனால் எனக்கு அழுகை வந்தது. ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது. பிள்ளை நன்றாக இல்லையே. ஏதாவது ஒன்று அகப்பட்டிருந்தால் அதை வெட்டி எறிந்திருக்கலாமே என்று தோன்றியது.

குடல் நோய்களைப் பார்க்கும் டாக்டரம்மா பொறுமைசாலி. என்னைப் பார்க்காமல் அவனைப் பார்த்துத்தான் பேசினார்.

"தம்பி, இது பொய் வலி இல்ல. நிஜ வலி. ஆனா குடல்ல புண்ணு, கட்டி எதுவும் கிடையாது. உன் குடலுக்கும் மூளைக்கும் நடுவுல பேச்சு கொஞ்சம் சத்தமா நடக்குது. இவன் டென்ஷன் ஆனா அவன் கத்தறான், அவன் கத்தினா இவன் டென்ஷன் ஆறான். இதுக்குப் பேரு ஐ.பி.எஸ்."

"எப்ப டாக்டர் சரியாகும்?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

"சரியாகறது வேற, சமாளிக்கறது வேற மேடம். எடை குறைஞ்சா, ரத்தம் போனா, ராத்திரி தூக்கத்துலேருந்து எழுப்பற அளவு வலி வந்தா உடனே வாங்க. மத்தபடி இவன் சமாளிப்பான்."

"சமாளிப்பான்" என்ற சொல் அன்று எனக்குப் பிடிக்கவே இல்லை. எல்லாக் கடைகளிலும் ஏறி இறங்கி, கடைசியில் கேட்ட சரக்குக்குப் பதிலாக வேறொன்றைக் கையில் வாங்கிக்கொண்டு வருவதுபோல வீடு திரும்பினேன்.

அவன் அந்தச் சொல்லை என்னைவிட முன்னதாக ஏற்றுக்கொண்டுவிட்டான். டாக்டர் சொன்னபடி சந்தேகப்பட்ட உணவுகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தான். பாலை நிறுத்தினான், உப்பல் குறைந்தது. தயிர் ஒன்றும் செய்யவில்லை. வெங்காயமும் பூண்டும்தான் பெரிய எதிரிகள் என்று தெரிந்தபோது எனக்குச் சமையலறையில் நிற்கவே பயமாகிவிட்டது. சின்ன வெங்காயம் இல்லாமல் ஒரு மீன் குழம்பு எப்படி வைப்பது? பெருங்காயமும் தக்காளியும் கொஞ்சம் அதிகமாகப் போட்டு வைக்கக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் என் கணவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "மீனு தனியா குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றார். இப்போது அவரே வெளியில் சாப்பிட்டு வந்தால், "அங்க ஒரே பூண்டு" என்று குறைப்பட்டுக்கொள்கிறார்.

நேரத்துக்குச் சாப்பாடு, மெதுவாக மெல்லுதல், தண்ணீரில் கரைத்த இசப்கோல் நார்ப்பொடி, சாயங்காலம் மைதானத்தைச் சுற்றி நடை, வலி வரும்போது வயிற்றால் மூச்சு இழுத்து விடுதல். இவற்றை அவன் ஒரு நோயாளியாகச் செய்யவில்லை. பந்துவீசப் பழகுகிறவன் போலச் செய்தான். சரியாக வராத நாட்களும் நிறைய இருந்தன. ஒன்றுமே தப்பாகச் சாப்பிடாமல் படாத பாடு பட்ட நாட்களும் உண்டு. அத்தை வீட்டில் ஆசைப்பட்டுப் பலாச்சுளை தின்றுவிட்டு ஒன்றுமே ஆகாமல் சிரித்த நாளும் உண்டு. கணக்குக்கு அடங்காத இந்தக் குணம்தான் என்னை அதிகம் படுத்தியது.

கல்லூரி பொத்தேரியில் கிடைத்தது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயில். அந்த ரயிலில் கழிப்பறை கிடையாது என்பதை அதுவரை வாழ்நாள் முழுக்க அதில் போய்வந்த நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. இப்போது பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் என்று ஒவ்வொரு நிலையமும் எனக்கு ஒரு கேள்வியாகிவிட்டது. எங்கே இறங்கினால் எங்கே போகலாம்? அவன் தன் நண்பர்களிடம் எதையும் மறைக்கவில்லை. அவர்களும் விட்டு வைக்கவில்லை. வீட்டுக்கு வரும்போது என் காதுபடவே பேசுவார்கள்.

"மச்சான், ஐ.பி.எஸ். ஆபீசர் எங்கடா?"

"ரவுண்ட்ஸ் போயிருக்காருடா. வர லேட்டாகும்."

எனக்குச் சுருக்கென்றிருக்கும். அவனோ ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "எல்லாம் கன்ட்ரோல்ல இருக்குடா" என்று அவர்களோடு சேர்ந்து சிரிப்பான். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. மறைக்காததால் அவனுக்குப் பயம் குறைந்திருந்தது. பயம் முழுக்க என்னிடம் இருந்தது.

அவன் வாசலில் செருப்பு மாட்டும்போதெல்லாம் நான் கேட்பேன்: "போயிட்டியாடா?"

ஒருநாள் அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே திரும்பி நடந்தபடியே சொன்னான்: "மம்மி, நீங்க கேக்கறப்பதான் வருது."

அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு கண்ணால் கேட்க ஆரம்பித்தேன். அதையும் கண்டுபிடித்துவிட்டான்.

இவ்வளவும் எங்கள் வீட்டுக்குள்ளும் அவன் நண்பர்களுக்குள்ளும் இருந்த விஷயம். அதை ஊர் விஷயமாக்கியவர் என் கணவர். கெட்ட எண்ணத்தில் இல்லை, ஜெபத்தில்.

எங்கள் சபையில் புதன்கிழமை தோறும் யாராவது ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டு முடிந்ததும் போதகர், "விண்ணப்பங்கள் இருந்தால் சொல்லலாம்" என்பார். யாருக்குக் கால்வலி, யார் மகளுக்கு வரன், யாருக்கு இடமாற்றம் என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். சொன்னதை அப்படியே கடவுளிடம் போதகர் எடுத்துச் சொல்வார். அன்று என் கணவர் எழுந்து நின்றார். அவர் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்ப்பவர். எதையும் அரைகுறையாகச் சொல்லத் தெரியாது. மகனின் குடல் எப்படி இயங்குகிறது, எப்போது இளகுகிறது, எப்போது இறுகுகிறது என்று, எந்திரத்தின் பழுதை மேலாளரிடம் சொல்வதுபோல ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். போதகர் கண்ணை மூடி, கையை உயர்த்தி, அந்த விவரங்களில் ஒன்றைக்கூட விடாமல் ஜெபித்தார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே காபி வாங்கப் போனபோது எங்கள் மகனைச் சுற்றி ஒரு கூட்டம்.

"தம்பி, வயிறு இப்ப எப்படிப்பா இருக்கு?"

"மாதுளம் தோலை காய வெச்சு பொடி பண்ணி மோர்ல போட்டுக் குடிச்சிப் பாரு."

"ஒரு தடவ நல்லா பேதிக்குக் குடுத்து கழுவி விட்டுட்டா எல்லாம் சரியாயிடும் சிஸ்டர். எங்க வீட்டுக்காரருக்கு அப்படித்தான்..."

"ஆன்ட்டி, எனக்கு அது ஏற்கெனவே ஃப்ரீயா நடந்துட்டிருக்கு," என்றான் மகன்.

அந்த அம்மா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவன் முகம் மாறியது. "டாடி, அடுத்த வாரம் நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுங்க. காலை நிலவரம், மாலை நிலவரம்னு." அன்று மத்தியானம் என் கணவர் மகனின் சட்டையைத் தானே எடுத்து இஸ்திரி போட்டு வைத்தார். அவர் வருத்தம் தெரிவிக்கும் விதம் அது. அந்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறுதான் நாங்கள் பக்கக் கதவு ஓரத்துக்கு இடம் மாறினோம்.

படிப்பு முடிந்து வேலை கிடைத்தது. சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனம். நிறுவனப் பேருந்து தாம்பரத்தில் ஏற்றிக்கொண்டு வண்டலூர் வழியாகக் கண்டிகை, மாம்பாக்கம், கேளம்பாக்கம் என்று போகும். ஏறினால் இறங்குகிற வரைக்கும் பேருந்துதான். ரயிலிலாவது நிலையத்துக்கு நிலையம் நிற்கும்.

"வீட்லேருந்து பாக்கற மாதிரி ஏதாவது வேலை வந்தா பாரேன்," என்றார் என் கணவர். நான் சொல்லச் சொன்னதால்தான் சொன்னார்.

"வீட்லயே இருந்தா டாடி, எனக்கு வயிறு மட்டும்தான் இருக்கும். வேற எதுவும் இருக்காது."

வேலையில் சேர்வதற்கு முன் சனிக்கிழமைகளில் அப்பாவும் மகனும் பைக்கில் அந்தச் சாலை முழுக்கப் போய் வந்தார்கள். எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை திறந்திருக்கும், எந்த ஓட்டலில் கேட்டால் விடுவார்கள் என்று பார்த்துக்கொண்டார்கள். என் கணவர் ஒவ்வொன்றிலும் தாமே உள்ளே போய் வந்து தரம் பிரித்தாராம். "கண்டிகைல இருக்கறது ஏ கிரேடு" என்றார் திரும்பி வந்து, பெருமையாக.

சேர்ந்து சில வாரங்களில், மழைக்காலத்தில், அந்தக் காலை வந்தது. வண்டலூர் உயிரியல் பூங்காவைத் தாண்டிச் சாலையில் தண்ணீர் நின்று பேருந்து நகரவே இல்லை. நான் குரோம்பேட்டையில் என் மேசையில் இருந்தேன். கைபேசியில் அவனிடமிருந்து ஒரு வரி வந்தது: "பஸ்லேருந்து இறங்கறேன். கூப்பிடாதீங்க." அவ்வளவுதான். எதிரே ஒருவர் ஏதோ கையெழுத்துக் கேட்டு நின்றுகொண்டிருந்தார். அவர் சொன்னது ஒன்றும் என் காதில் விழவில்லை. கூப்பிடாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் அவன் வந்து சொன்னபோது அது ஒரு வேடிக்கைக் கதையாகியிருந்தது. வலி தொடங்கியதும் முன்னால் போய் ஓட்டுநரிடம் கதவைத் திறக்கச் சொல்லியிருக்கிறான்.

"இன்னா தம்பி, இங்க எறங்கி இன்னா பண்ணப்போற? ஒரு கடை கூட கெடையாது, ஒரே தண்ணியா கீது."

"அண்ணா, வயிறு சரியில்ல. அர்ஜென்ட்."

"அட, அத மொதல்ல சொல்லு, பேஜாரு பண்ணிகினு!" என்று கதவைத் திறந்துவிட்டாராம்.

பெட்ரோல் பங்க் எதுவும் கண்ணில் படவில்லை. எதிரே ஒரு கல்யாண மண்டபம். வாழை மரம் கட்டி, நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு உள்ளே போயிருக்கிறான். வாசலில் நின்ற பெரியவர் பன்னீரைத் தெளித்து, கற்கண்டை நீட்டி, "வாங்க தம்பி, பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்றாராம்.

அந்த இடத்தில் நானாக இருந்தால் ஏதோ ஒரு வீட்டைச் சொல்லிவிட்டு நுழைந்திருப்பேன். அவன் சொன்னது: "ரெண்டும் இல்ல அங்கிள். ரோட்ல மாட்டிக்கிட்டேன். எனக்குக் குடல்ல ஒரு பிரச்சினை இருக்கு. உங்க பாத்ரூம் யூஸ் பண்ணிக்கலாமா?"

இதைக் கேட்டபோதுதான் எனக்குள் ஏதோ நகர்ந்தது. தவித்து நிற்கிற நேரத்தில், முன்பின் தெரியாத ஒருவரிடம், நேராக, தலை குனியாமல் கேட்க அவனுக்கு எப்படி வந்தது? எங்கள் இருவரிடமிருந்தும் வந்திருக்க முடியாது.

முதல் சம்பளம் வந்தது. எங்கள் சபையில் முதல் சம்பளத்தை ஒரு உறையில் போட்டு ஸ்தோத்திரக் காணிக்கையாகப் பீடத்தில் வைப்பது வழக்கம். எதற்காக நன்றி என்று உறையின்மேல் எழுத வேண்டும். விருப்பமுள்ளவர்கள் ஒலிவாங்கியில் சாட்சியும் சொல்லலாம். சனிக்கிழமை என் கணவர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அழகான கையெழுத்தில் எழுதினார்: "வேலை கிடைத்ததற்காகவும் பூரண சுகம் கிடைத்ததற்காகவும்."

மகன் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தான். "டாடி, எனக்கு சுகம் ஆகலியே."

"விசுவாசத்துல எழுதறதுடா இது."

"விசுவாசத்துல எழுதிட்டீங்கன்னா நாளைக்கு ஆளாளுக்கு எனக்கு பிரியாணி போடுவாங்க. நீங்களா வந்து அனுபவிப்பீங்க?"

"அதுக்காக, இவ்வளவு ஜெபம் பண்ணவங்க முன்னாடி போய் ஒண்ணும் சரியாகலைன்னா சொல்லுவே?"

"ஒண்ணும் ஆகலைன்னு யார் சொன்னா? நானே பேசறேன் டாடி. நாளைக்கு சாட்சி சொல்றேன்."

திருவிருந்து ஞாயிறு, கூட்டம் அதிகம், ஆராதனையும் நீளம். பீடம் பக்கக் கதவிலிருந்து வெகு தள்ளி. எல்லார் கண்ணும் அவன்மேல் இருக்கும். பதற்றம்தான் அவன் குடலுக்குத் தீனி. அங்கே நிற்கும்போது ஏதாவது ஆகிவிட்டால்? ஒரு தடவை சபை முன்னால் அசிங்கப்பட்டுவிட்டால், இத்தனை வருடங்களில் அவன் கட்டியதெல்லாம் சரிந்துவிடாதா? அவன் திரும்பப் பேருந்தில் ஏறுவானா? "வேணாம்டா, உறையை வெச்சிட்டு வந்துடு" என்று கெஞ்சினேன். அவன் என் தோளைத் தட்டினான். சின்னக் குழந்தையைத் தட்டுவது போல.

மறுநாள் திருவிருந்து முடிந்ததும் போதகர் அவன் பெயரைச் சொன்னார். எழுந்துகொள்ளும் முன்பே நான் பார்த்துவிட்டேன்: அவனுடைய வலது கட்டைவிரல் பெல்ட்டின் விளிம்பை உரசிக்கொண்டிருந்தது. வலி தொடங்கினால் அவனுக்குத் தெரியாமலேயே அவன் செய்வது அது. கண்ணால்கூடக் கேட்காமல் இருக்கத் தூணைப் பார்த்துக்கொண்டேன். உறையோடு நடந்து போனான். என் கணவர் அந்த உறையில் "பூரண" என்ற சொல்லை மட்டும் காலையில் பேனாவால் அடித்திருந்தார். அதற்கு மேல் விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஒலிவாங்கியைத் தாங்கியிலிருந்து கையில் எடுத்துக்கொண்டான். தனக்கு என்ன இருக்கிறது என்று அதன் பெயரோடு சொன்னான். சிறுசேரிப் பேருந்தைப் பற்றிச் சொன்னான். மழை, நின்றுபோன வண்டி, கதவைத் திறந்த ஓட்டுநர். சபை லேசாகச் சிரிக்க ஆரம்பித்தது. "எதிர்ல ஒரு கல்யாண மண்டபம். வாசல்ல ஒருத்தர் பன்னீர் தெளிச்சிட்டு நின்னாரு. அவர் கிட்ட..." என்றவன் நிறுத்தினான்.

அவன் ஒரு கையை வயிற்றில் வைத்து மூச்சை மெதுவாக இழுத்து விட்டான். எனக்கு அந்த மூச்சு தெரியும்.

"மன்னிக்கணும். நான் இப்ப பாத்ரூம் போகணும். போயிட்டு வந்து மீதியைச் சொல்றேன்."

ஒலிவாங்கியைத் தாங்கியில் சரியாக மாட்டினான். படியிறங்கினான். ஓடவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே, எல்லோரும் பார்க்க, எங்கள் பெஞ்சைக் கடந்து, பக்கக் கதவைத் திறந்துகொண்டு போனான். கதவு அவன் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

எங்கோ ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது. அதன் அம்மா அதட்டினாள். போதகர் பாமாலைப் புத்தகத்தை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் ஆர்கன் வாசிப்பவர் தானாகவே மெல்ல ஒரு ராகத்தைத் தொடங்கினார். யாரும் பாடவில்லை. அந்த இசை மட்டும் மின்விசிறிச் சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது. என் கணவர் பெஞ்சில் கை ஊன்றி எழுந்தார். பின்னாலேயே போய்க் கழிப்பறை வாசலில் நிற்கப் போகிறார் என்று தெரியும். எத்தனையோ இடங்களில் நானும் அப்படி நின்றிருக்கிறேன். அவர் சட்டையின் கீழ் விளிம்பைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காருங்க. அவனே வருவான்."

அதைச் சொன்ன குரல் என்னுடையதுதானா என்று எனக்கே ஆச்சரியம். அவர் என்னைப் பார்த்தார். உட்கார்ந்தார். இருவரும் கதவைப் பார்க்காமல், தூணையும் அதற்கு அப்பால் தெரிந்த ஆளில்லாத ஒலிவாங்கியையும் பார்த்துக்கொண்டிருந்தோம். வராமல் போய்விடுவானோ, பின்பக்க கேட் வழியாக வீட்டுக்குப் போய்விடுவானோ என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. போயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எல்லோரும் இரக்கப்பட்டிருப்பார்கள். அந்த இரக்கத்தை நினைத்துத்தான் பயந்தேன்.

கதவு திறந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தபடி, போன வேகத்திலேயே நடந்து, மறுபடியும் படியேறினான். ஆர்கன் நின்றது.

"எங்க விட்டேன்?" என்றான்.

முன்வரிசையிலிருந்து சபைக் கமிட்டி உறுப்பினர் ஒருவர், ஓய்வு பெற்ற அதிகாரி, எதற்கும் சிரிக்காதவர், சத்தமாகச் சொன்னார்: "கல்யாண மண்டபம் தம்பி. பன்னீர்."

ஆலயமே சிரித்தது. போதகர் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். அவனும் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் பன்னீர் பெரியவரின் கதையை முடித்தான். அவர் கற்கண்டை அவன் சட்டைப் பைக்குள் போட்டு, "வலது பக்கம் கடைசி ரூமு, சீக்கிரம் போப்பா" என்றதையும், திரும்பி வந்தபோது இலை போட்டு இட்லி வைத்துக் காத்திருந்ததையும் சொன்னான். பிறகு சொன்னான்:

"எனக்கு சுகம் ஆயிடுச்சுன்னு சொல்ல வரல. இப்ப நீங்களே பாத்தீங்க. இது இருக்கு. நாளைக்கும் இருக்கும். இதை வெச்சுக்கிட்டே வேலைக்குப் போறேன். நான் போற வழியெல்லாம் யாரோ ஒருத்தர் கதவைத் திறந்து விட்டிருக்காங்க. அதுக்குத்தான் இந்தக் காணிக்கை. அப்புறம் ஒரு விண்ணப்பம். இனிமே என்கிட்ட வயிறு எப்படி இருக்குன்னு கேக்காதீங்க. வேலை எப்படி இருக்குன்னு கேளுங்க."

என் கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

வெளியே காபி நேரத்தில் அவனைச் சுற்றி மறுபடியும் கூட்டம். பேதி மருந்து சொன்ன அந்த அம்மா வரிசையில் முதல் ஆளாக நின்று, "தம்பி... வேலை எப்படிப்பா இருக்கு?" என்று இழுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அதையே கேட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு அந்தக் கமிட்டி உறுப்பினர் அவனை வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப்போய் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். மகன் தலையாட்டிக் கேட்டான். பிறகு அவன் பேச, அவர் தலையாட்டினார்.

"என்னடா கேட்டாரு?" என்றேன் வீட்டுக்கு வரும் வழியில்.

"அது அவரோட விஷயம் மம்மி," என்றான்.

அடுத்த ஞாயிறு அவன் தன் நண்பர்களோடு நடு வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டான். போகவேண்டி வந்தால் காலை மிதித்துக்கொண்டு போவானாம், மிதிபடுகிறவர்கள் ஒதுங்கிக்கொள்வார்களாம். நானும் என் கணவரும் பழக்கத்தில் பக்கக் கதவு ஓரத்திலேயே உட்கார்ந்தோம். முதல் பாட்டு தொடங்கும்போது யாரோ என் தோளருகே குனிந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால், முன்வரிசையை விட்டு ஒருநாளும் அசையாத அந்தக் கமிட்டி உறுப்பினர்.

"கொஞ்சம் தள்ளி உக்காரலாமா சிஸ்டர்?" என்றார், கதவைப் பார்த்தபடி.

நாங்கள் உள்ளே தள்ளி உட்கார்ந்து, கதவோரத்தை அவருக்கு விட்டோம். நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. தூணுக்கு அந்தப் பக்கம், நடு வரிசையில், என் மகனின் தலை மற்ற தலைகளோடு தலையாகத் தெரிந்தது.